மிஸிஸிப்பியில் ஓர் ஆசிரியர்: பாப் மோசஸின் வாழ்வும் பணியும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் பற்றித் தமிழில் வெளிவந்துள்ள நூல்களும் கட்டுரைகளும் பெரும்பாலும் இருவரைச் சுற்றியே அமைந்துள்ளன. ஒருவர் மார்ட்டின் லூதர் கிங். மற்றவர் ஹஜ் கடமையை நிறைவேற்றியபின் அல்ஹாஜ் மாலிக் அஷ்ஷபாஸ் என அறியப்பட்ட மால்கம் எக்ஸ். இருவரும் சொல்வன்மை மிக்கவர்கள். இருவரும் நாற்பது வயதை எட்டுமுன்னரே துப்பாக்கிக் குண்டுக்கு இரையானவர்கள். இவர்களின் வரலாற்றை நமது வாசகர்கள் நன்கறிவர்.

அதே காலத்தில், அதே போராட்டத்தில், மேடையைத் தேடாமல் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஓர் இளைஞரைப் பற்றி நம்மிடையே பேசப்படுவது குறைவு. அவர் தாழ்ந்த குரலில் பேசுபவர். பிறருக்காகப் பேசுவதைக் காட்டிலும், பேசத் தகுதியற்றோர் என ஒதுக்கப்பட்டவர்களைப் பேச வைப்பதே தமது பணி எனக் கருதியவர். ராபர்ட் பாரிஸ் மோசஸ் என்பது அவரது முழுப்பெயர். மக்கள் அழைத்தது பாப் மோசஸ் என்று. கல்விக்கும் குடிமை உரிமைக்கும் உள்ள உறவு யாது என்ற வினாவுக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாக அளித்த அம்மனிதரைக் குறித்துச் சிறிது சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

பாப் மோசஸ் 1935ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் பிறந்தார். தந்தையார் படைக்கலக் கட்டடம் ஒன்றில் துப்புரவுப் பணியாளர். பாட்டனார் பெயர்பெற்ற கிறித்தவப் போதகர். வறுமையிலும் படிப்பை விடாத குடும்பம் அது. போட்டித் தேர்வின் மூலம் ஸ்டைவசன்ட் உயர்நிலைப் பள்ளியில் இடம் பெற்ற மோசஸ், பின்னர் ஹாமில்டன் கல்லூரியில் பயின்று 1956இல் பட்டம் பெற்றார். 1957இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். ஃபிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் நூல்கள் அவரை ஆழமாகப் பாதித்தன. முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கிய வேளையில் அன்னையார் மறைந்தார், தந்தையார் நோயுற்றார். ஆய்வைக் கைவிட்டு நியூயார்க் திரும்பிய அவர், ஹொரேஸ் மேன் என்னும் தனியார் பள்ளியில் கணித ஆசிரியரானார்.

1960ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டுமே உரியதென ஒதுக்கப்பட்டிருந்த சிற்றுண்டிக் கூடத்தில் அமர்ந்து எழ மறுத்தனர். அப்போராட்டம் தென் மாநிலங்கள் எங்கும் பரவியது. போராடிய மாணவர்களின் படங்களைச் செய்தித்தாளில் கண்ட மோசஸை ஈர்த்தது அவர்களின் முகக்குறியே. அதுவரை தென்னகக் கறுப்பின மக்களின் முகத்தில் தாம் கண்டுவந்த அச்சம் அப்படங்களில் இல்லை என்பதை அவர் உணர்ந்தார். அவ்வாண்டுக் கோடை விடுமுறையில் அட்லாண்டா நகருக்குப் புறப்பட்டார்.

எல்லா பேக்கரும் ஆம்சி மூரும்

அட்லாண்டாவில் அவர் சந்தித்த எல்லா பேக்கர் என்ற அம்மையார், அவரது சிந்தனைப் போக்கையே மாற்றியவர் எனலாம். 1960 ஏப்ரலில் மாணவர் போராளிகளை ஒன்றுகூட்டி, ‘மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழு’ பிறக்க வழிவகுத்தவர் அவரே. அதன் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ‘ஸ்நிக்’ என அதனை அழைப்பர். ஒரு மனிதரை மட்டுமே நம்பி நிற்கும் இயக்கம் அவருடன் வீழ்ந்துவிடும். தம்மைத் தாமே வழிநடத்திக்கொள்ள மக்கள் பழக வேண்டும் என்பது அம்மையாரின் கொள்கை.

மாணவர் மாநாட்டுக்கு ஆள் சேர்க்கும் பொருட்டு மிஸிஸிப்பி மாநிலத்துக்கு அனுப்பப்பட்ட மோசஸ், அங்கே ஆம்சி மூர் என்பவரின் இல்லத்தில் தங்கினார். மூர் இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர், அஞ்சலக ஊழியர். சிற்றுண்டிக் கூடத்தில் உடன் அமர்ந்து உண்ணும் உரிமை தமது மக்களுக்கு முதல் தேவையன்று, வாக்குரிமையே முதல் தேவை என்று அவர் இளைஞருக்கு எடுத்துரைத்தார். ஹார்வர்டில் பயின்றவர் அஞ்சலக ஊழியரிடம் பாடம் கேட்டார் என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத் தக்கது. பள்ளியோடு செய்திருந்த ஒப்பந்தத்தை முடித்துவிட்டு, 1961 கோடையில் மோசஸ் மிஸிஸிப்பி திரும்பினார். அப்போது அவருக்கு வயது 26.

285 பிரிவுகள்

மிஸிஸிப்பியின் மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் அன்று ஏறத்தாழ 42 விழுக்காட்டினர். அவர்களுள் வாக்காளராகப் பதிவு பெற்றிருந்தோரோ மிகச் சொற்பம். 1965க்கு முன்னர் தகுதியுள்ள கறுப்பினத்தவருள் 6.7 விழுக்காட்டினரே பதிவு பெற்றிருந்தனர் என அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையம் கணக்கிட்டது.

இதற்கான ஏற்பாடு எளியது. பதிவு செய்ய வருபவர் 21 வினாக்கள் அடங்கிய படிவத்தைத் தம் கைப்பட நிரப்ப வேண்டும். மாநில அரசியல் சாசனத்தின் 285 பிரிவுகளுள் பதிவாளர் சுட்டும் ஒன்றை எழுதி, அதன் பொருளை விளக்க வேண்டும். விளக்கம் சரியா, பிழையா என்பதை முடிவு செய்பவர் வெள்ளையரான அப்பதிவாளர் ஒருவரே. எளிய ஒற்றை வரிப் பிரிவை வெள்ளையருக்கும், சட்ட வல்லுநரே திகைக்கும் பிரிவைக் கறுப்பினப் பட்டதாரிக்கும் கொடுக்க அவருக்குத் தடையேதும் இல்லை.

இதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். அதே மாநிலம், கறுப்பினக் குழந்தையின் கல்விக்கு வெள்ளைக் குழந்தைக்குச் செலவிட்டதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே செலவிட்டது. பருத்தி எடுக்கும் பருவத்தில் கறுப்பினப் பள்ளிகள் மூடப்பட்டன. பிள்ளைகள் வயலுக்கு அனுப்பப்பட்டனர். வாரத்துக்குப் பயிரிட்டுக் கடனிலேயே உழன்ற குடும்பங்களுக்கு, வயலில் உழைக்கப் போதுமான கல்வி மட்டுமே தேவை என்பது ஆள்வோரின் கணக்கு. முதலில் கல்வி மறுக்கப்பட்டது. பின்னர் கல்லாமையே காரணமாகக் காட்டப்பட்டு வாக்கு மறுக்கப்பட்டது.

மெக்கோம் நகரும் ஹெர்பர்ட் லீயும்

1961 ஆகஸ்டில் மெக்கோம் நகரில் மோசஸ் ஒரு வகுப்பைத் தொடங்கினார். பதிவுப் படிவத்தை வாசிப்பது, அரசியல் சாசனப் பிரிவுகளை விளக்குவது ஆகியன பாடங்கள். வயது முதிர்ந்த குடியானவர்கள் மாணவர்கள். அருகிலிருந்த ஏமிட் மாவட்டத்தினரும் உதவி வேண்டினர். அங்கே பதிவு பெற்றிருந்த கறுப்பினத்தவர் ஒருவர் மட்டுமே.

ஆகஸ்ட் 29ஆம் நாள், இருவரை அழைத்துக்கொண்டு அம்மாவட்டத்தின் லிபர்ட்டி நகரிலுள்ள நீதிமன்றக் கட்டடத்துக்கு மோசஸ் சென்றார். ‘லிபர்ட்டி’ என்ற சொல்லுக்கு விடுதலை என்பது பொருள். அவ்வூர்த் தெருவில் மாவட்டக் காவல் தலைவரின் உறவினர் ஒருவர் அவர் தலையில் தாக்கினார். குருதி வழிய எழுந்த மோசஸ், திரும்பிச் செல்லாமல் உடன் வந்தோரை அழைத்துக்கொண்டு பதிவாளர் அலுவலகத்துக்கே நடந்தார். பின்னர் மெக்கோம் சென்று காயத்துக்குத் தையல் இட்டுக்கொண்டு, தாக்கியவர் மீது வழக்கும் தொடுத்தார். கறுப்பினத்தவர் ஒருவர் வெள்ளையர் மீது வழக்குத் தொடுப்பது அப்பகுதி மக்கள் எண்ணியும் பாராத செயல். எதிர்பார்த்தவாறே நடுவர் குழு குற்றவாளியை விடுவித்தது. ஆயினும் அச்சத்தின் பிடி சற்றே தளர்ந்ததை மக்கள் கண்டனர்.

அதற்குரிய விலை விரைவில் கேட்கப்பட்டது. ஹெர்பர்ட் லீ என்பவர் அம்மாவட்டத்து விவசாயி. பல பிள்ளைகளின் தந்தை. மோசஸைத் தம் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றவர். செப்டம்பர் 25ஆம் நாள் லிபர்ட்டி நகரின் பருத்தி ஜின்னிங் ஆலை அருகே, பட்டப்பகலில், பலர் முன்னிலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் ஈ. எச். ஹர்ஸ்ட், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். தற்காப்புக்காகச் சுட்டதாக அவர் கூறியதை விசாரணைக் குழு ஏற்று அவரை விடுவித்தது.

லீயின் நல்லடக்கத்துக்கு மோசஸ் சென்றார். அங்கே லீயின் மனைவி அவரிடம் வந்து, என் கணவரைக் கொன்றவர் நீங்கள்தாம் என்று நெஞ்சில் அறைந்துகொண்டு கதறினார். மோசஸிடம் மறுமொழி ஏதும் இல்லை.

இந்நிகழ்ச்சியைத் தாண்டி விரைந்து செல்ல நமக்கு மனம் வரவில்லை. போராட்ட வரலாறுகளை எழுதுவோர் தியாகிகளின் பட்டியலைப் பெருமையோடு தருவர். அப்பட்டியலில் இடம் பெற்றோரின் வீட்டில் அன்று இரவு என்ன நிகழ்ந்தது என்று எழுதுவோர் குறைவு. வெளியூரிலிருந்து வந்த படித்த இளைஞர், உள்ளூர் விவசாயியிடம் உரிமையைப் பற்றிப் பேசுகிறார். ஆபத்து வரும்போது இளைஞருக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊர் உண்டு, விவசாயிக்கு இல்லை. பிறர் உயிர் தம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்ற உணர்வு மோசஸை அன்றுமுதல் விட்டு அகலவில்லை. லீயின் இறப்பில் தமக்கும் பங்குண்டு என்பதை அவர் ஒருபோதும் மறுத்ததில்லை. அவ்வாறாயின் பணியை நிறுத்திவிடுவதா? நிறுத்தினால் கொன்றவர்களின் நோக்கமே நிறைவேறும். மக்களோடு தங்கி, அவர்கள் ஏற்கும் ஆபத்தைத் தாமும் ஏற்பது ஒன்றே அவர் கண்ட வழி.

அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாள், மெக்கோம் நகரின் கறுப்பின உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர், லீயின் கொலையையும் சக மாணவி பிரெண்டா டிராவிஸ் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டதையும் கண்டித்து ஊர்வலமாகச் சென்றனர். அவர்களோடு சென்ற மோசஸ் கைது செய்யப்பட்டார். இனிப் போராடுவதில்லை என எழுதித் தர மறுத்த மாணவர்களைப் பள்ளி வெளியேற்றியபோது, ஸ்நிக் தோழர்கள் அவர்களுக்கெனத் தனியே ஒரு பள்ளியை நடத்தினர். அதில் மோசஸ் கணிதம் கற்பித்தார்.

நீதிபதியின் வினா

1962 முதல் பணி டெல்டா எனப்படும் பருத்திச் சமவெளிக்கு விரிந்தது. கிரீன்வுட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டத்தில், மத்திய அரசு வழங்கிய உணவுப் பொருட்களின் விநியோகத்தை மாவட்ட நிர்வாகம் அக்குளிர்காலத்தில் நிறுத்திவிட்டது. பதிவு செய்யத் துணிந்தோரைப் பட்டினியால் பணிய வைப்பதே அதன் கருத்து. வட மாநிலங்களிலிருந்து உணவு திரட்டி விநியோகித்த ஸ்நிக் ஊழியர்கள், உணவுக்காக வரிசையில் நின்றோரிடமே வாக்குரிமை பற்றிப் பேசினர். 1963 பிப்ரவரி 28 இரவு, மோசஸ் சென்ற வாகனத்தின் மீது குண்டுகள் பாய்ந்தன. வாகனத்தை ஓட்டிய ஜிம்மி டிராவிஸ் என்ற இளைஞர் கழுத்தில் காயமுற்றுச் சாய, மோசஸ் எட்டிப்பிடித்து வாகனத்தை நிறுத்தினார். டிராவிஸ் உயிர் பிழைத்தார்.

அதே 1963இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தபோது, எழுத்தறிவற்றவர்களை ஏன் பதிவு செய்ய அழைத்துச் செல்கிறீர் என நீதிபதி வினவினார். ஒரு மக்கள் கூட்டத்துக்குக் கல்வியை மறுத்துவிட்டு, பின்னர் கல்வி இல்லை என்பதைக் காட்டி வாக்கையும் மறுக்க இந்நாட்டுக்கு உரிமை இல்லை என்ற கருத்துப்பட மோசஸ் விடையளித்தார். அவ்விடையில் இரு கோரிக்கைகள் அடங்கியிருந்தன. ஒன்று, எழுத்தறிவுச் சோதனையின்றி வாக்குரிமை. மற்றொன்று, மறுக்கப்பட்ட கல்வி. முதல் கோரிக்கை இரண்டே ஆண்டுகளில் வென்றது. இரண்டாவது கோரிக்கைக்காக அவர் தம் முதுமை வரை உழைக்க நேர்ந்தது.

1964ஆம் ஆண்டின் கோடை

கறுப்பின மக்களுக்கு வாக்களிப்பதில் விருப்பமில்லை என்று மாநில அரசு கூறிவந்தது. அதனைப் பொய்ப்பிக்க 1963 நவம்பரில் ஒரு மாதிரித் தேர்தல் நடத்தப்பட்டது. தேவாலயங்களிலும் கடைகளிலும் வைக்கப்பட்ட பெட்டிகளில் 80,000க்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர்.

அடுத்து, வட மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆயிரம் பேரை 1964 கோடையில் மிஸிஸிப்பிக்கு வரவழைக்கும் திட்டம் எழுந்தது. அவர்களுள் பெரும்பாலோர் வெள்ளையர். உள்ளூர் ஊழியர் பலர் இதனை எதிர்த்தனர். அவர்களின் வாதம் ஆழ்ந்த பொருளுடையது. படித்தவர் வந்து அலுவலகத்தில் அமர்ந்து விரைவாகத் தட்டச்சு செய்யத் தொடங்கினால், இப்போதுதான் தட்டுத்தடுமாறிப் பேசத் தொடங்கியுள்ள குடியானவர் மீண்டும் வாய்மூடிக்கொள்வார் என்பதே அது. மோசஸ் இவ்வாதத்தின் நியாயத்தை உணர்ந்தவர். எனினும் 1964 ஜனவரி 31 இரவு நிகழ்ந்த ஒரு கொலை அவரை முடிவெடுக்க வைத்தது. ஹெர்பர்ட் லீயின் கொலையை நேரில் கண்ட லூயி ஆலன், உண்மையைச் சொல்லப் பாதுகாப்பு வேண்டியபோது அரசு அதனை அளிக்கவில்லை. மாநிலத்தை விட்டே வெளியேற அவர் ஆயத்தமான வேளையில் தம் வீட்டு வாயிலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கறுப்பினத்தவர் கொல்லப்படுவதை நாடு பொருட்படுத்தவில்லை. வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் வந்தால் நாட்டின் கண்கள் உடன் வரும் என்ற கசப்பான கணக்கை மோசஸ் ஏற்றார்.

அக்கணக்கு சரியென நிறுவப்பட்ட விதம் துயரமானது. ஜூன் 21ஆம் நாள், மிஸிஸிப்பியைச் சேர்ந்த கறுப்பினத்தவரான ஜேம்ஸ் சேனியும், நியூயார்க்கைச் சேர்ந்த வெள்ளையர்களான ஆண்ட்ரூ குட்மேனும் மைக்கேல் ஷ்வெர்னரும் காணாமற்போயினர். ஒஹாயோவில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த மாணவர்களிடம் மோசஸ் செய்தியை மறைக்கவில்லை. வீடு திரும்ப விரும்புவோர் திரும்பலாம் என்றார். ஏறத்தாழ அனைவரும் மிஸிஸிப்பிக்கே சென்றனர். மூவரின் உடல்களும் ஆகஸ்ட் 4ஆம் நாள் மண் அணை ஒன்றின் அடியில் கண்டெடுக்கப்பட்டன.

அக்கோடையில் ஏறத்தாழ 17,000 பேர் பதிவுக்கு விண்ணப்பித்தனர். ஏற்கப்பட்டோர் 1,600 பேரே. ஆனால் 40க்கும் மேற்பட்ட ‘விடுதலைப் பள்ளி’களில் 2,000க்கும் மேற்பட்டோர் கறுப்பின வரலாறும் குடிமை அறிவும் பயின்றனர். விடைகளை மனனம் செய்வதை விட, வினாக்களை எழுப்பக் கற்பதே அப்பள்ளிகளின் முறை. ஆகஸ்டில், அட்லாண்டிக் சிட்டியில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் மிஸிஸிப்பியின் உண்மையான பிரதிநிதிகள் தாங்களே என உரிமை கோரிக் குடியானவர்களும் வீட்டுப் பணிப்பெண்களும் அடங்கிய குழு ஒன்று சென்றது. வாரக்குடியானவப் பெண்ணான ஃபேனி லூ ஹேமர் தொலைக்காட்சி முன் அளித்த சாட்சியம் நாட்டையே உலுக்கியது. கட்சித் தலைமை இரண்டே இடங்களை, அதுவும் யாருக்கு என்பதைத் தாமே முடிவு செய்து, அளிக்க முன்வந்தது. படித்த பெரியோர் பலர் ஏற்கச் சொன்னார்கள். அக்குழுவினர் தாமே கலந்து பேசி மறுத்தனர். மோசஸ் விரும்பியதும் இதுவே. முடிவு அவர்களுடையதாக இருந்தது.

அவ்வாண்டின் இறுதி நாட்களில் ஹார்லெமில் நிகழ்ந்த ஒரு சந்திப்பும் குறிப்பிடத்தக்கது. டிசம்பர் 31ஆம் நாள், ஸ்நிக் ஏற்பாட்டில் நியூயார்க் வந்திருந்த மெக்கோம் மாணவர்கள் 37 பேரிடையே மால்கம் எக்ஸ் உரையாற்றினார். பிறர் சொல்வதை அப்படியே ஏற்காமல், தாமே கண்டு, தாமே கேட்டு, தாமே சிந்திக்க வேண்டும் என்பதே அவர் அவ்விளைஞர்களுக்குக் கூறிய அறிவுரையின் சாரம். இரண்டு மாதங்களுக்குள் அவர் கொல்லப்பட்டார். வழிமுறையில் பெரிதும் வேறுபட்ட இருவரின் பணியும் அந்த 37 பேரிடத்தில் சந்தித்தன.

பெயரைத் துறத்தல்

1965இல் நிறைவேறிய வாக்குரிமைச் சட்டம் எழுத்தறிவுச் சோதனையை நீக்கியது. 1967க்குள் மிஸிஸிப்பியில் பதிவு பெற்ற கறுப்பினத்தவர் 59.8 விழுக்காடாக உயர்ந்தனர். ஆனால் சட்டம் வருமுன்னரே மோசஸ் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். மோசஸ் என்பது நபி மூஸா (அலை) அவர்களின் பெயர் என்பதை நாம் அறிவோம். அடிமைத்தளையிலிருந்து மக்களை மீட்டுச் சென்றவரின் பெயரை அவர் தாங்கியிருந்ததால், மக்கள் அவரைச் சுற்றி ஒரு மயக்கத்தை வளர்த்துக்கொண்டனர். கூட்டங்களில் அவர் வாய்திறக்குமுன் எவரும் கருத்துச் சொல்லத் தயங்கும் நிலை வந்தது. 1965 தொடக்கத்தில் மோசஸ் என்ற பெயரை விடுத்து, நடுப்பெயரான பாரிஸ் என்பதை மட்டுமே அவர் சிலகாலம் வழங்கினார்.

இதனை அவரது குறை எனக் கூறுவோரும் உண்டு. அவர் விலகியபின் ஸ்நிக் உட்பூசலில் சிக்கிச் சிதைந்தது. அனுபவமிக்கவர் ஒதுங்கிக்கொள்வதும் ஒருவகையில் பொறுப்பைக் கைவிடுவதே என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தை முற்றிலும் தள்ளிவிட இயலாது. தலைமை தாங்குவோரின் ஆணவத்தால் அழிந்த இயக்கங்கள் பல. தலைமை ஏற்க வேண்டியவரின் தயக்கத்தால் நலிந்தவையும் சில உண்டு.

1966இல், உச்ச வயதான 26ஐக் கடந்து 31 வயதில் இருந்த அவருக்கு வியட்நாம் போருக்கான கட்டாயப் படைச் சேர்ப்பு ஆணை வந்தது. போரை எதிர்த்த அவர் கனடா சென்றார். பின்னர் 1969இல் தான்சானியா சென்று, ஸாமே என்ற ஊரில் கணித ஆசிரியராகப் பணியாற்றினார். 1976இல் தாயகம் திரும்பினார்.

அல்ஜப்ர்

ஹார்வர்டில் விட்ட ஆய்வைத் தொடர்ந்துகொண்டிருந்த வேளையில், தம் மகளின் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இயற்கணிதம் கற்பிக்கப்படவில்லை என்பதை மோசஸ் கண்டார். ஏழைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் கீழ்நிலைக் கணக்குகளோடு நிறுத்தப்பட்டனர். இயற்கணிதம் பயிலாதோர்க்கு உயர்கல்விக் கணிதத்தின் கதவு அடைபட்டுவிடும். கணினி ஆளும் காலத்தில், அன்று எழுத்தறிவு இருந்த இடத்தில் இன்று கணித அறிவு நிற்கிறது. அதனை மறுப்பது பழைய வாரக்குடியானவர் கல்வியின் புது வடிவமே என்று அவர் கருதினார். 1982இல் கிடைத்த மக்கார்தர் நல்கையைக் கொண்டு ‘இயற்கணிதத் திட்டம்’ தொடங்கியது.

அவரது கற்பித்தல் முறை எளியது. மாணவர்கள் நகரின் சுரங்க ரயிலில் பயணம் செய்வர்; அப்பயணத்தை வரைவர்; தம் வீட்டு மொழியிலேயே விவரிப்பர். எந்த நிலையத்திலிருந்து எத்திசையில் எத்தனை நிலையங்கள் என்ற பேச்சிலிருந்து மிகை எண்ணும் குறை எண்ணும் பிறக்கும். குறியீடு இறுதியிலேயே வரும். மாணவர் பேச்சு முதலில், ஆசிரியர் பேச்சு பின்னர். மெக்கோம் வகுப்பின் முறையும் இதுவே அன்றோ!

ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் அல்குவாரிஸ்மி இயற்றிய நூலின் பெயரிலுள்ள ‘அல்ஜப்ர்’ என்ற அரபுச் சொல்லிலிருந்தே ‘அல்ஜீப்ரா’ பிறந்தது. விடுபட்டதை மீண்டும் நிறைவு செய்தல் என்பது அதன் பொருள். முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அரபு மொழியில் இச்சொல்லே வழங்கும். அரபு மொழியைக் கற்பிக்கும் நமக்கு, மோசஸின் பிற்காலப் பணியைப் படிக்கும்போது இப்பொருள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

தொண்ணூறுகளில் அவர் மிஸிஸிப்பிக்கே மீண்டும் சென்றார். ஜாக்சன் நகரின் லேனியர் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்தார். அவருடைய மாணவர்களுள் பலர், பாட்டன் பாட்டியர் வாக்குக்காக அடிபட்ட மாநிலத்தின் பிள்ளைகள். 2021ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள், தமது 86ஆம் வயதில் அவர் மறைந்தார். அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்னர், 2013இல், வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான காப்பு விதி ஒன்றை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்திருந்தது. பெற்ற உரிமையும் காவலின்றி நிலைப்பதில்லை.

கல்வி பெற்ற நாம், கல்வி பெறாத நம்மவருக்காக எத்தனையோ மேடைகளில் பேசுகிறோம்; அறிக்கைகள் விடுகிறோம். அவர்கள் பேசும்போது கடைசி வரிசையில் அமர்ந்து செவிமடுத்ததுண்டா? அவர்களைப் போராட்டத்துக்கு அழைத்தபோது, அழைப்பின் விலையை யார் செலுத்துவார் என எண்ணிப் பார்த்ததுண்டா? ஹெர்பர்ட் லீயின் மனைவி அன்று எழுப்பிய குரலுக்குப் பாப் மோசஸ் சொல்லால் விடையளிக்கவில்லை. அறுபதாண்டுகள் அதனைச் சுமந்துகொண்டே பாடம் நடத்தினார்.